மூன்றில் ஒரு பங்கு வானம்

காருக்கு முதன்முதலாகக் கேமரா வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு, படம் எவ்வளவு தெளிவாக விழும் என்று மட்டும் கேட்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். கும்பகோணத்தில் கார் சாமான் கடை வைத்திருக்கும் சமீர் என்னை உட்காரவைத்து, தெளிவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். முன்கண்ணாடிக்குப் பின்னால் நாளெல்லாம் வெயிலில் காயப்போகிற பொருள் அது. உள்ளே பேட்டரி வைத்த கேமரா சித்திரை மாதத்தில் உப்பிப்போய்விடும்; பேட்டரி இல்லாமல் கெபாசிட்டரில் ஓடுவதாகப் பார்த்து வாங்க வேண்டும். மெமரி கார்டும் செல்போனில் போடுகிற சாதாரணக் கார்டாக இருக்கக்கூடாது. ஓயாமல் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவதைத் தாங்குகிற கார்டு வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நல்ல மனிதர் அவர். அவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன் மேடம். அவருக்கு ஒன்றும் தெரியாது, விட்டுவிடுங்கள்.

என்னைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருப்பீர்கள். வைத்தியலிங்கம், பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர், சொந்த நிலம், இரண்டு போகம் நெல், கைமாறி வந்த ஒரு பழைய கார். கேமரா என்பது என் யோசனை இல்லை, என் மகள் வானதியின் யோசனை. ஒருமுறை நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்த என் வண்டியில் ஒருவன் பைக்கைக் கொண்டுவந்து இடித்துவிட்டு, நான்தான் பின்னால் நகர்த்தி இடித்தேன் என்று சாதித்தான். கூட்டம் கூடிவிட்டது. கார் வைத்திருக்கிறவன்மேல்தான் எப்போதும் தப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து புலம்பினேன். வானதி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஒரு கேமரா வாங்கி மாட்டுங்கப்பா. நீங்க பேசவே வேணாம். அது உங்க பக்கம் பேசும்."

அதற்கென்ன, வாங்கினால் போயிற்று என்றேன். அவள் இருந்தவரைக்கும் வாங்கவில்லை. அப்புறம் வாங்கினேன்.

சமீருக்கு அவளைத் தெரியும். ஸ்கூட்டருக்கு ஹெல்மெட் வாங்கியது அவர் கடையில்தான். நிறம் பிடிக்கவில்லை என்று இரண்டு தடவை மாற்றிக்கொண்டு வந்தவள். அவள் போனபிறகு நான் கேமரா கேட்டுப் போய் நின்றதும் அவர் என்னை உட்காரவைத்தார். பிறகு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கார்டு நிறைந்ததும் பழைய பதிவைத் தானே அழித்துக்கொண்டு புதிதை எழுதும் என்றார். அழியக்கூடாத பதிவு என்றால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"வண்டி மோதுச்சுன்னா அந்த வீடியோ தானா பூட்டிக்கும் சார். அழியாது. நாளைக்கு யாரும் உங்கள ஒண்ணும் சொல்லிட முடியாது."

அது எனக்குப் பிடித்திருந்தது. வேகத்தைப் படத்தின் அடியில் எழுதிக் காட்டுகிற வசதி உள்ளதாகவும், வண்டிக்குள் பேசுவதைப் பதிகிறதாகவும் கேட்டு வாங்கினேன். ஒரு மனிதன் மெதுவாகத்தான் ஓட்டினான், பதறித்தான் போனான் என்று காட்டுவதற்கு வேறென்ன வேண்டும்.

மாட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுகிறவன் கண்ணை மறைக்காத இடம். வைப்பர் துடைத்துவிட்டுப் போகிற பரப்புக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையில் ஒன்றும் தெரியாது. ஒட்டுவதற்கு முன் கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும். ஒயரை மேல்விளிம்பில் செருகி ஓரமாக இறக்கும்போது ஏர்பேக்குக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். முன்னால் போனால் அது விரிகிற வேகத்தில் ஒயர் முகத்தில் அடிக்கும். கடைசியாகச் சாய்மானம். மூன்றில் ஒரு பங்கு வானம், இரண்டு பங்கு சாலை. அப்படித்தான் சமீர் வைத்துக்கொடுத்தார். வீட்டுக்கு வந்தபிறகு நான்தான் அதைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். பதிவில் ஏன் பாதிக்குமேல் வானமாக இருக்கிறது என்று நேற்று கேட்டீர்கள். அந்தச் சாலையைப் பற்றித் தெரிந்தால்தான் அது புரியும்.

நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிது என்று ஏட்டு சொன்னார். குறுவை அறுப்பு இங்கே மழையோடு சேர்ந்து வரும். நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, காயவைத்துக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். களம் எல்லாருக்கும் போதாது. தார்ச்சாலைதான் எங்களுக்குக் களம். பாதிச் சாலையை வண்டிக்கு விட்டுவிட்டு மீதிப் பாதியில் நெல்லைப் பரப்புவோம். வண்டி ஏறாமலிருக்க விளிம்பில் வரிசையாகக் கல் வைப்போம். சாயங்காலம் நெல்லை அள்ளும்போது கல்லையும் எடுத்து ஓரத்தில் போட்டுவிட வேண்டும். யாரும் எடுப்பதில்லை. கல் கிடந்தால் மறுநாளும் அந்த இடம் நமக்கு. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. கல்லை எடுத்துவிட்டால், மர நிழல் விழாத நல்ல இடம் விடிவதற்குள் வேறு கைக்குப் போயிருக்கும். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் செய்வோம்.

ஐயாவு என் வயலுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்குச் செய்தவன். என்னைவிட இளையவன். என்னை அண்ணே என்பான், என் மனைவி தங்கமணியை அண்ணி என்பான். வானதி நடை பழகிய காலத்தில் அவளைத் தோளில் உட்காரவைத்து வரப்பில் நடந்தவன். அவள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவனுக்கு அவள் பாப்பாதான். போகிற வழியில் அவன் நடந்து போவதைப் பார்த்தால் ஸ்கூட்டரை நிறுத்தி ஏற்றிக்கொள்வாள். வேகமாகப் போகிறாள் என்று அவன் திட்டிக்கொண்டே வருவான். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. நல்லவன்தான். ஆனால் நல்லவன் வைத்த கல்லும் கல்தானே.

போன புரட்டாசியில் எங்கள் இரண்டு பேர் நெல்லும் சாலையில் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. அவசர அவசரமாக நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். கல் வரிசை ஐயாவு வைத்தது. வைத்தவன்தான் எடுக்க வேண்டும். எடுக்காமல் போனான். தூறல் விழுந்து, வெளிச்சம் மங்கிய நேரத்தில் வானதி பாபநாசத்தில் வேலை முடிந்து திரும்பி வந்தாள். முன்சக்கரம் கல்லில் ஏறியது. ஸ்கூட்டர் ஒரு பக்கம் போக, அவள் போய் வாய்க்கால் மதகுச் சுவரில் மோதி விழுந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள். அடி கழுத்தில். நான் ஓடிப்போனபோது அவள் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள் என்றுதான் இன்றுவரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வாய்ப்பே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டாம்.

உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர், அந்தச் சாலையில் கேமரா ஏதாவது உண்டா என்று கேட்டார். வயலுக்கு நடுவில் யார் கேமரா வைப்பார்கள். கல் யாருடையது என்று கேட்டார். ஐயாவு முன்னால் வந்து, "நான் வச்ச கல்லுதாங்க" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்குப் போட்டார்கள், ஜாமீன் கொடுத்தார்கள், வாய்தா மேல் வாய்தா. அவன் பழையபடி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனான். நான் வீட்டில் உட்கார்ந்து, காயப்போட்ட துணியில் அவள் சுடிதார் ஒன்று கொடியிலேயே கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனது வரவில்லை.

தங்கமணி அழுகையை நிறுத்திய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே கேள்விதான்: ஏன் எடுக்காமல் போனான்? நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அவளே ஆள்விட்டு ஐயாவுவைக் கூப்பிட்டாள். வாசலில் வந்து நின்றான்.

"அந்த நேரத்துலதான் எம்பொண்ணு வருவான்னு ஒனக்குத் தெரியும்ல ஐயாவு. தெரிஞ்சும் ஏன் எடுக்காம போனே?"

ஐயாவு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து, அவளுக்குப் பின்னால் நின்றிருந்த என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டு, தப்புதான் அண்ணி என்றான். அவள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனான்.

அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதில் பயமில்லை, கோபமும் இல்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிற மாதிரி இருந்தது. மகளைப் பறிகொடுத்தவனைப் பார்த்து ஐயாவு பரிதாபப்படுவதா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தங்கமணி இதோடு விடமாட்டாள், மறுபடியும் அவனைக் கூப்பிட்டுக் கேட்டதையே கேட்பாள் என்பதும் தெரிந்தது. தை பிறந்ததும் சமீர் கடைக்குப் போனேன்.

சம்பா அறுப்பு தொடங்கியதும் சாலையில் மறுபடி நெல் காய்ந்தது. ஐயாவுவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. சாயங்காலமானால் தன்னுடையது, பிறத்தியாருடையது என்று பார்க்காமல், சாலையில் கிடக்கிற கல்லையெல்லாம் பொறுக்கி வாய்க்கால் கரையில் போடுவான். இவன் யாரையும் இடம் பிடிக்க விடமாட்டான் போலிருக்கிறது என்று ஊரில் கேலி பேசினார்கள். செய்த தப்பு உறுத்துகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். நானும் அந்த நேரத்தில் பாபநாசத்திலிருந்து திரும்புகிறதாக வழக்கப்படுத்திக்கொண்டேன்.

ஊருக்குள் வருகிற சாலை நேர் மேற்கு. மாசி மாதத்தில் வெயில் இறங்கும் நேரம் நேராகக் கண்ணில் அடிக்கும். கேமராவை மேலே தூக்கியது அதற்குத்தான். வானம் அதிகமாக இருந்தால் சூரியன் படத்துக்குள் வந்துவிடும். வந்தால் கேமரா தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், கீழே சாலை கருத்துப்போகும். குனிந்திருக்கிற ஆள் அதில் தெரியமாட்டான். கண்ணாடி துடைப்பதையும் நிறுத்தினேன். அறுப்புக் காலத்து நெல்தூசி படிந்த கண்ணாடியில் எதிர்வெயில் பட்டால் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். படத்தைப் பார்க்கிறவர், பாவம், இந்த வெயிலில் இந்த மனிதர் எப்படித்தான் ஓட்டினாரோ என்று நினைக்க வேண்டும். முதல் நாள் நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள்.

தினமும் அவன் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி இரண்டு வார்த்தை பேசுவேன். என்ன ஐயாவு, காய்ந்துவிட்டதா என்று கேட்பேன். ஆச்சுண்ணே என்பான். அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான்.

"அண்ணி சாப்புடுறாங்களாண்ணே?"

சாப்பிடுகிறாள் என்று பொய் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பேன். அந்தப் பதிவுகளில் சிலவற்றைப் பொத்தானை அழுத்திப் பூட்டி வைத்துக்கொண்டேன். எங்களுக்குள் பகை எதுவும் இருந்ததில்லை என்று தெரிய வேண்டுமே. பார்த்திருப்பீர்கள். எல்லாம் மரியாதையான பேச்சு.

அன்றைக்கும் வேகம் நாற்பதைத் தாண்டவில்லை, படத்தின் அடியிலேயே இருக்கிறது. ஐயாவு சாலையில் குனிந்து இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தான். என் வண்டிச் சத்தம் அவனுக்குப் பழகியிருந்தது. நின்று பேசிவிட்டுத்தான் போவேன் என்று நினைத்திருப்பான், நிமிரவில்லை. பிரேக் போட்டேன். போட வேண்டிய நேரத்தில் போடவில்லை, அவ்வளவுதான். "ஐயோ, ஐயாவு" என்று பதிவில் கேட்கிற குரல் என்னுடையது. வீட்டில் ஆள் இல்லாதபோது சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் அது சொல்லிப் பார்த்த மாதிரி வரவில்லை. வானதியைப் பார்த்து ஓடியபோது வந்த குரல் போலவே வந்தது.

அவனைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினேன். அடிபட்டவனைச் சாலையில் விட்டுவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. தவிர, கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பினேன். இப்போது வெயில் முதுகுப்பக்கம் போய்விட்டதால் சாலை துல்லியமாகத் தெரிந்தது. மதகைத் தாண்டும்போது ஐயாவு பேசினான்.

"அண்ணே... நான் அண்ணிகிட்ட சொல்லலண்ணே. யாருகிட்டயும் சொல்லல."

அதற்கப்புறம் பேசவில்லை. பாபநாசம் ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை. அவன் மனைவி காளியம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, வெயில் கண்ணில் அடித்தால் நீங்கள் என்னண்ணே செய்வீர்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. விடுவித்தால் பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதிரியாகத் தெரியும்.

கார்டை நானேதான் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தப் பதிவை அழித்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அழித்தால்தான் சந்தேகம் வரும். அதுவுமில்லாமல், அத்தனை மெல்லிய குரல், அதுவும் பின்சீட்டிலிருந்து, எஞ்சின் சத்தத்தில் பதிந்திருக்காது என்று நம்பினேன். சமீர் நல்ல கேமராவாகத்தான் கொடுத்திருக்கிறார்.

நேற்று அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டி, எதைச் சொல்லவில்லை என்கிறார் என்று கேட்டீர்கள். புரட்டாசியில் அன்று சாயங்காலம் நெல்லை மூடியதும் ஐயாவு கல்லை எடுக்கத்தான் போனான். ஒன்றைக் கையில் தூக்கியும்விட்டான். நான்தான் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டே சத்தம் கொடுத்தேன்.

"கெடக்கட்டும் ஐயாவு. எடுத்தோம்னா விடியறதுக்குள்ள வேற எவனாவது எடத்தப் புடிச்சிடுவான்."

"பாப்பா வர்ற நேரம்ணே."

"அவளுக்குத் தெரியாத ரோடா? வச்சுட்டு வா."

தூக்கிய கல்லை அவன் திரும்ப வைத்தான். அவள் சக்கரம் ஏறியது அதில்தானா, வேறொன்றிலா என்று எனக்குத் தெரியாது. வரிசையில் எத்தனையோ கல் இருந்தது. வைத்தது அவன் கைதான், அதில் மாற்றமில்லை. நான் சொன்னால் என்ன, தூக்கி வாய்க்காலில் போட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் என்ன அவன் கையைப் பிடித்துக்கொண்டா வைத்தேன். சரி, அதையாவது ஸ்டேஷனில் சொல்லியிருக்கலாம். தங்கமணி அத்தனை திட்டுத் திட்டினாளே, அப்போது சொல்லியிருக்கலாம். அவன் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. இன்று சொல்லிவிடுவானா, நாளைக்குச் சொல்லிவிடுவானா என்று ஒவ்வொரு சாயங்காலமும் அவன் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். அண்ணி சாப்பிடுகிறார்களா என்று அவன் கேட்டதையெல்லாம் மிரட்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அவன் வெறுமனே கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஐயாவு செத்த செய்தி கேட்ட அன்று தங்கமணி, சாமி இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள். சோறு போட்டுக்கொண்டாள். எனக்கும் போட்டாள். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள் மேடம். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், மகளுக்காகச் செய்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கல்லைப் பற்றி மட்டும் தங்கமணியிடம் சொல்லிவிடாதீர்கள்.